எஞ்சின் பாடு

எங்கள் குப்பத்தில் கையால் பிடிக்கிறவர்களுக்குப் பாடு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், நான் எஞ்சின் ஏறிய கதையைக் கேட்டுவிட்டு, பிலோமினா திருட்டுத்தனமாக ஏறினாள் என்று நீங்களும் நாலு பேரோடு சேர்ந்து பேசுவீர்கள்.

பாடு என்றால் முறை. பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று அமாவாசைக்கு அமாவாசை பானையில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். நல்ல இடம் ஒருத்தன் கையிலேயே தங்கிவிடக் கூடாது என்று ஏற்பட்ட வழக்கம், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீட்டில் பெயர் எழுத வேண்டுமானால் வீட்டில் வலை இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவரிடமும் வலை இல்லை. நாங்கள் தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். தவழ்ந்தே பிழைக்கிற ஜனம். நல்ல இடத்துப் பக்கம் தவழ்ந்து போய்விட்டால் வலைக்காரர்கள் காக்காயை விரட்டுகிற மாதிரி விரட்டுவார்கள்.

பாட்டுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. முறை வந்தவன் பொழுது கிளம்புவதற்குள் வந்து கழி ஊன்றாவிட்டால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் நிற்கிறாரோ அவர் ஊன்றிக்கொள்ளலாம். போன ஐப்பசியில் வேலு தன் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஓடி வருவதற்குள், அவன் இடத்தில் திருவேங்கடம் அண்ணன் கழி ஊன்றிவிட்டார். வேலு அழாத குறை. ஊர் கூடிப் பேசி, சட்டம் சட்டம்தான் என்று சொல்லி எழுந்துபோனது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதே சட்டம் எனக்கே உதவும் என்று அப்போது யார் கண்டார்கள்.

மார்கழியில் ஒருநாள் நானும் லட்சுமியும் நண்டுக் கூடையோடு அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு நின்றிருந்தோம். லட்சுமி என்னோடு தினமும் ஏரியில் இறங்குகிறவள். தண்ணீரில் பறி வாயில் இருப்பதால் பேச முடியாது, அதற்கும் சேர்த்துக் கரையில் பேசுவாள். அவள் பேச்சு பாதியில் நின்றுபோனது. தெற்கே மரங்களுக்கு மேல் கறுப்பாகப் புகை எழும்பி வந்தது. எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அந்தத் தீ தண்டவாளத்திலேயே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நீராவி எஞ்சின். நூறு வருஷத்துக்கும் முந்தியதாம், அந்தக் கால மராட்டா கம்பெனி ரயில் ஓட்டியபோது இதே வழியில் பாசஞ்சர் இழுத்ததாம். பழுது பார்த்து வெள்ளோட்டம் விட்டிருந்தார்கள். சிக்னலுக்காக எங்கள் முன்னால் வந்து நின்றது. நின்றது என்று சொல்வதே தப்பு. மின்சார ரயில் நின்றால் நின்றதுதான், வீட்டுச் சுவர் மாதிரி. இது நின்ற இடத்திலேயே மூச்சு விட்டது. அடியில் எங்கெங்கோ வெள்ளையாகச் சீறியது, உள்ளே எதுவோ கொதித்தது, தரை என் உள்ளங்கால் வழியாக நடுங்கியது. பித்தளை விளிம்பெல்லாம் வெயிலில் பளபளத்தது. லட்சுமி நாலடி பின்னால் போய்விட்டாள். நான் நாலடி முன்னால் போயிருந்தேன். கூடையைத் தலையிலிருந்து இறக்கக் கூட மறந்துபோனேன்.

டிரைவர் இறங்கி, நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குவளையால் ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் என்று பெயர், பெரம்பூர்க்காரர். சக்கரம் ஏன் சார் என்னை விட உயரமாக இருக்கிறது என்று கேட்டேன். கேட்டதில் அவருக்கு ஒரே குஷி.

"சரக்கு எஞ்சினுக்கு சக்கரம் சின்னது, பாரம் இழுக்க. இது பாசஞ்சர் எஞ்சின்மா. ஓடுறதுக்குன்னே பொறந்தது."

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஓடுவதற்கென்றே பிறந்த ஒன்று. நான் பிறந்ததிலிருந்து ஏரியில் முட்டி போட்டு நகர்கிறவள். கரைக்கு வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள். ரயிலில் போனாலும் கதவோரம், மீன்வாடை என்று மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு நடுவில் ஒண்டிக்கொண்டுதான். ஒரே ஒரு தடவை அந்த நெருப்புக்குப் பக்கத்தில் நின்று, எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை வந்தது. அது சின்ன ஆசை இல்லை, பைத்தியம். வீட்டில் சோறு பொங்கும்போது மூடி தடதடத்தால் கூட எனக்கு அந்த எஞ்சின்தான் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் கோயில் பூசாரியிடம் மந்திரிக்கலாமா, சாமியாரிடம் ஜெபம் பண்ணச் சொல்லலாமா என்று லட்சுமியிடம் யோசனை கேட்டாராம்.

தை பிறந்ததும் ரயில்வேயிலிருந்து வினோதினி என்ற அதிகாரியம்மா எங்கள் குப்பத்துக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த எஞ்சின் ஜனங்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி வரை போகப் போகிறது. அந்தக் காலத்தில் ஏரி மீனை இந்த வண்டியில்தான் பட்டணத்துக்கு ஏற்றினார்களாம். அந்த மரியாதைக்காக, மீன்பிடிக்கிற ஒருத்தர் அனுப்பம்பட்டில் ஏறி, பெட்டியில் இல்லை, எஞ்சினிலேயே டிரைவர் பக்கத்தில் நின்று கும்மிடிப்பூண்டி வரை வரலாம். யார் என்று ஊரே முடிவு பண்ணட்டும் என்றார்.

ஊர்த் தலைவர் அர்ஜுனன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஏரியில் எது வந்தாலும் பாடுதானே, இதற்கும் பாடு போட்டுவிடலாம் என்றார். பானை வந்தது, சீட்டு வந்தது. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் என் பெயரையும் எழுதச் சொன்னேன்.

"வலை இல்லாம இன்னா பாடு உனக்கு?" என்றார் தலைவர். கோபமாகச் சொல்லவில்லை, குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னார். எஞ்சினில் வலையா கட்டப் போகிறீர்கள் என்று நான் கத்தியது சிரிப்பில் அடிபட்டுப் போனது. சீட்டு எடுத்தார்கள். திருவேங்கடம் அண்ணனுக்கு விழுந்தது.

அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருக்குக் காது ரொம்பப் பெரிது, அளவில் இல்லை, பெருமையில். ஏரி நடுவில் படகில் இருந்துகொண்டே ஹாரன் சத்தத்தைக் கேட்டு, இது மீஞ்சூர் கேட்டைத் தாண்டுகிற வண்டி, இது பொன்னேரி விட்ட வண்டி என்று சொல்வார். தப்பாது. வலை தூக்குகிற நேரத்தைப் பாதிக் குப்பம் அவர் காதை வைத்துத்தான் முடிவு பண்ணும். கைக்கடிகாரம் கட்டினவன் கூட அவரைக் கேட்டு நேரத்தைச் சரி பண்ணிக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் பூசைக்கு நான் போகவில்லை, ஆண்டவர் மன்னிப்பார். விடிவதற்கு முன்னால் ஏரியில் இறங்கி, கிடைத்ததைப் பறியில் போட்டுக்கொண்டு, ஈரச் சேலையோடு நேரே அனுப்பம்பட்டுக்குப் போனேன். ஏறத்தான் முடியாது, பார்க்கவாவது பார்க்கலாமே. ஸ்டேஷன் திருவிழாவாக இருந்தது. காட்டூரிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கியிருந்தார்கள். பலூன் விற்கிறவன், சுண்டல் விற்கிறவன், கேமராக்காரர்கள். நடுவில் திருவேங்கடம் அண்ணன், பட்டுவேட்டி, கழுத்தில் சாமந்தி மாலை. தலைவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

நான் பிளாட்பாரத்தின் வடக்குக் கோடிக்குப் போய் நின்றுகொண்டேன். எஞ்சின் அங்கேதான் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும், வெள்ளோட்டத்தன்று பார்த்திருந்தேனே. லட்சுமி என் பக்கத்தில் நின்று, அழாதே அக்கா, கண் மை கலைந்துவிடும் என்று கேலி செய்தாள். நான் மை போட்டிருக்கவில்லை.

வண்டி நேரத்துக்கு வரவில்லை. வெயில் ஏற ஏற ஜனங்களுக்குப் பேஜாராகிவிட்டது. அப்போது தெற்கே மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. எல்லாரும் திருவேங்கடம் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கேட்டார்.

"இன்னும் நந்தியம்பாக்கமே தாண்டல. நாஷ்டாவே முடிச்சிட்டு வர்லாம்" என்றார்.

அவர் சொன்னால் அப்பீல் ஏது. தலைவரும் வலைக்காரர்களும் அவரோடு வடக்கே இருந்த மேம்பாலம் ஏறி அந்தப் பக்கத்து டீக்கடைக்குப் போனார்கள். அவர் காதுக்குத் தினமும் பழகியது மின்சார ஹாரன். அது முரட்டுக் குரல், ஊரைத் தாண்டிக் கேட்கும். இந்த விசில் அந்தக் காலத்துக் குரல், மெல்லிசு. போதாததற்கு அன்றைக்கு வாடைக்காற்று வடக்கிலிருந்து வீசி, தெற்கேயிருந்து வந்த சத்தத்தைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசியபோது புரிந்தது. அந்த நேரத்தில் எனக்கும் ஒன்றும் தெரியாது. பசி இருந்தாலும் கால் நகரவில்லை, அதனால் நின்றேன்.

அவர்கள் டீயை வாயில் வைத்திருக்க மாட்டார்கள், எஞ்சின் வந்துவிட்டது.

அது வந்த வேகத்தை என்னவென்று சொல்ல. வெள்ளோட்டத்தன்று பார்த்தது சாது. இன்றைக்குப் பின்னால் பெட்டிகள், பெட்டி நிறைய ஜனம், முன்னால் மாவிலைத் தோரணம், மூவர்ணக் கொடி. பெரிய சக்கரங்கள் மூன்றையும் கோத்திருந்த இரும்புக் கம்பி மேலும் கீழும் போய்வர, பிளாட்பாரமே குலுங்க, ஆவியும் கரியும் எண்ணெயும் கலந்த வாசனை முகத்தில் அடிக்க, சரியாக என் முன்னால் வந்து நின்றது. லட்சுமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவளும் பின்னால் போகவில்லை.

வினோதினி மேடம் முதல் பெட்டியிலிருந்து குதித்து ஓடி வந்தார். பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறது, இங்கே நிற்க முடியாது, குப்பத்து ஆள் எங்கே என்று கேட்டார். டீக்கடையைப் பார்த்து நாலைந்து பேர் கத்தினார்கள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கார்டு பச்சைக் கொடியை விரித்தார்.

என் வாயில் அதுவாகவே வந்தது. "இடத்துல நிக்கிறது நாந்தான் மேடம்."

மீன்பிடிக்கிறவரா என்று கேட்டார். நான் பறியைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிச் சாட்சி சொன்னது. மேலேயிருந்து ஜேம்ஸ் சார் எட்டிப் பார்த்து, சக்கரம் கேட்ட அம்மாதானே, ஏறட்டும் என்றார். நான் முதலில் பறியை உள்ளே வைத்தேன். அதுதான் என் கழி. அப்புறம் கம்பியைப் பிடித்து ஏறினேன். இரும்பு சுட்டது. சுட்டால் என்ன.

விசில் ஊதி, ஆவி பீறிட்டு, சக்கரம் ஒரு தடவை வழுக்கிச் சுழன்று, பிறகு பிடித்துக்கொண்டு நகர்ந்தது. மேம்பாலத்தின் உச்சியில் திருவேங்கடம் அண்ணன் வந்து நின்றார், கழுத்தில் மாலை, கையில் டீ கிளாஸ். வாய் திறந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, சந்தோஷம் தலைக்கு ஏறியிருந்தது.

"அண்ணே, கழி ஊனிட்டேன்" என்று தொண்டை கிழியச் சொன்னேன். அதற்குள் பாலத்துக்குக் கீழே போய்விட்டோம். புகை எழும்பி அவரையும் மாலையையும் மூடிக்கொண்டது.

அப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. முன்பக்கம் நெருப்பின் அனல், பக்கவாட்டில் வாடைக்காற்று. காலுக்குக் கீழே இரும்புத் தகடு உயிரோடு அசைந்தது. ஃபயர்மேன் அடுப்புக் கதவைத் திறந்து கரியை வீசும்போதெல்லாம் உள்ளே வெள்ளையாக ஒரு நெருப்பு தெரியும். கண்ணை மூடினாலும் தெரியும். பொன்னேரி பிளாட்பாரம் ஒரே கையும் செல்போனுமாகப் பறந்து போனது. மூக்கைப் பொத்துகிறவர்கள் யாராவது அங்கே இருந்தார்களா தெரியாது, இருந்திருந்தால் அவர்களும் எனக்குக் கையாட்டினார்கள். தலைமுடியெல்லாம் கரித்தூள். நான் சிரித்தேனா, அழுதேனா, ஆண்டவரைக் கூப்பிட்டேனா, எல்லாம்தான்.

பொன்னேரி தாண்டி ஆற்றுப்பாலம் வந்தது. ஜேம்ஸ் சார் மேலே தொங்கிய கயிற்றைக் காட்டி, பாலத்துக்கு ஒரு விசில் கொடுக்கணும், நீங்களே கொடுங்கள் என்றார். இழுத்தேன். தலைக்கு மேல் கிளம்பிய சத்தம் என் எலும்புக்குள் ஓடியது. ஒரு தடவை இழுத்து விட்டுவிட வேண்டும் போல. எனக்கு அது தெரியாது. நண்டு பிடிக்கிறவள் ஒன்றைக் கையில் பிடித்தால் விடுவதில்லை, விட்டால் அது நம்மைப் பிடித்துவிடும். பாலம் முழுக்க ஊதியது, பாலம் தாண்டியும் ஊதியது.

"வுடும்மா, ஸ்டீம் பூரா பூடுது" என்று ஜேம்ஸ் சார் சிரித்துக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஃபயர்மேன் என்னை முறைத்துவிட்டுக் கரி அள்ளப் போனார்.

அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றுதான் கும்மிடிப்பூண்டியில் பறியிலிருந்த இறாலைக் கொடுத்தேன். அவர் கரி வாரும் கரண்டியைக் கொதிநீர் பீய்ச்சிக் கழுவி, உரித்த இறாலை அதில் பரப்பி, அடுப்பு வாயில் காட்டினார். உப்பு கூட வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு ருசியாக இறாலை நான் தின்றதில்லை, வாழ்நாள் முழுக்கப் பிடிக்கிறவள் சொல்கிறேன்.

மின்சார ரயிலில் திரும்பி வந்து குப்பத்தில் கால் வைத்ததும் ஊர்க்கூட்டம் காத்திருந்தது. முகம் கழுவக் கூட விடவில்லை, கரி அப்பிய முகத்தோடுதான் நின்றேன். வலைக்காரர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். பாட்டில் இல்லாதவள் பாட்டை எடுத்துவிட்டாள், அபராதம் போடு என்றார்கள். நான் சட்டத்தைச் சொன்னேன். சட்டம் பாடு உள்ளவர்களுக்குத்தான் என்றார்கள். பேச்சு முற்றியது. தலைவர் சண்டை வேண்டாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். ரயில்காரர்கள் இந்தம்மாவைப் பொன்னேரியிலேயே இறக்கிவிட்டிருப்பார்கள், எஞ்சினில் முழுக்கப் போகவே இல்லை, ஆகவே பாட்டை யாரும் எடுக்கவும் இல்லை, யாரும் இழக்கவும் இல்லை, எழுந்து போங்கள் என்றார்.

என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். அதையும் இல்லை என்கிறார்கள். எனக்குச் சண்டை கூட வரவில்லை.

முன்வரிசையில் வேலு எழுந்தான். சட்டம் இல்லையென்றால் ஐப்பசியில் போன என் இடத்துக்கு என்ன பதில் என்று கேட்டான். கூட்டம் திருவேங்கடம் அண்ணனைப் பார்த்தது. அவர் பட்டுவேட்டியில் கரிப்பொட்டுகள் அப்படியே இருந்தன. எழுந்து நின்றார்.

"சட்டம் கீது. எனக்கு இருந்தா அவளுக்கும் கீது" என்றார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "பொன்னேரில எறக்கி வுட்டாங்கன்னு சொல்லாத. ஆத்துப்பாலத்துல ஒரு விசில் வந்துது. வாடைக்காத்து அத்த நேரா என் காதாண்ட கொண்ணாந்து போட்டுது. எஞ்சின்காரன் தொட்டுட்டு வுட்டுடுவான். அது புடிச்ச புடி வுடவேயில்ல. கையால நண்டு புடிக்கிறவ இழுத்த விசில் அது."

அந்தக் காது காலையில் ஒரு தடவை தவறியிருந்தது. மறுபடியும் தவறாது என்று ஊருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்காமலே உட்கார்ந்தார். நான்தான் அழுதுவிட்டேன், கரியெல்லாம் கோடு கோடாக வழிந்தது. கண் மை கலைகிறது அக்கா என்றாள் லட்சுமி.

பாட்டை எடுத்தவள் பாட்டில் உள்ளவள்தானே என்று ஊர் ஒத்துக்கொண்டது. அடுத்த அமாவாசைக்குப் பானையில் என் பெயரும் விழுந்தது, எங்கள் தெருவுக்காக. அன்றைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த அமாவாசையில் வந்தது, ஏரியிலேயே இறால் மண்டுகிற இடம். வலை இல்லாமல் என்ன செய்வாள் என்று வேடிக்கை பார்க்கப் படகுகள் வந்திருந்தன. பொழுது கிளம்புவதற்கு முன்னாலேயே நாங்கள் தெருவோடு போய் இறங்கி, நடுவில் கழி ஊன்றி, பறியைக் கடித்துக்கொண்டு வரிசையாகத் தவழ ஆரம்பித்தோம். திருவேங்கடம் அண்ணனின் படகு எல்லைக்கு வெளியே நின்றது. அவர் இரண்டு கையையும் வாயில் குவித்து, கூவென்று நீளமாக ஒரு விசில் கொடுத்தார். என் வாயில் பறி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு எங்களை யாரும் விரட்டவில்லை.